ஆறு துண்டு சுஷி

கத்தியை மழுங்க வைத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வாரம் சொல்லாமல் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு போதும்.

என் வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர். கோட்டு சூட்டு தைக்கிற ஒரு பட்டறையில் முப்பது வருடமாகத் துணி வெட்டுகிறவர். தெருவில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். அவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருப்பது வங்கிக்காரர்களுக்கு மட்டும் தெரியும். அந்தப் பட்டறையில் தலைமை மாஸ்டராக இருப்பவரிடம் ஒரு பெரிய கத்தரி இருக்கும். முதலாளியம்மாவின் அப்பா காலத்துக் கத்தரி. ஒருவர் விலகினால் அது அடுத்தவர் கைக்குப் போகும்; இப்போது இவரிடம் இருக்கிறது. அதை வைத்துத் துணியைத் தவிர வேறு எதையும் வெட்டக் கூடாது, காகிதத்தைக்கூட. ஒரு முறை அவசரத்துக்கு அதை எடுத்துப் பால் பாக்கெட்டின் மூலையை நறுக்கிவிட்டேன். மனுஷன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர் கோபப்பட்ட நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கோபம் எல்லாம் எங்கள் வீட்டில் என் இலாகா.

ஐந்து மாதத்துக்கு முன்னால் பட்டறையின் கண்ணாடிக் கதவு ஒன்று கழன்று விழுந்தது. தாங்கப் போன இவருடைய வலது மணிக்கட்டு பிளந்துகொண்டது. நான் வரவேற்பில் உட்காரும் பல் மருத்துவமனை அடுத்த தெருவில்தான். தகவல் கேட்டு ஓடிப்போனேன். வெட்டுமேசையில் விரித்திருந்த வெள்ளைத் துணி பாதிக்கு மேல் சிவந்திருந்தது. இவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "துணி பாழாப் போச்சு" என்றார். அந்தத் துணி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

நரம்பைத் தைத்தார்கள். விரல்கள் மெல்ல மடங்கின, நீண்டன. ஆனால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், இந்த மூன்றின் நுனியிலும் உணர்ச்சி இல்லை. "அசைவு வந்துடும் சார். தொடு உணர்ச்சி மெதுவாத்தான் வரும். முழுசா வராமலும் போகலாம்" என்றாள் பயிற்சி கொடுக்கிற பெண். ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து தினமும் நூறு தடவை அழுத்தச் சொன்னாள். நாலாவது நாள் பந்து ஜன்னல் வழியாக வெளியே போய்விட்டது. தவறி விழுந்ததாகச் சொன்னார். எங்கள் ஜன்னலில் கம்பி இருக்கிறது. பந்து தவறி விழ வேண்டுமென்றால் கம்பிக்கு நடுவில் குறிபார்த்து எறிந்தால்தான் முடியும்.

அப்புறம்தான் ஜப்பான்காரர்களின் சுஷி வந்தது. கைப் பயிற்சிக்குப் போன மருத்துவமனையில் காத்திருக்கும்போது அங்கிருந்த டிவியில் பார்த்திருக்கிறார். கறுப்பான கடற்பாசித் தாள் மேல் சோற்றைப் பரப்பி, நடுவில் காயை வைத்து, மூங்கில் பாயோடு சேர்த்து உருட்டி, இழுத்து அழுத்தி, துண்டு துண்டாக வெட்டுகிறார்கள். "துணி வேலை மாதிரியேதான் இருக்கு. விரிக்கறது, சமன்படுத்தறது, வெட்டறது. பந்தை அமுக்கறதுக்குப் பதிலா இதைச் செஞ்சா என்ன?" என்றார். பயிற்சிப் பெண் சிரித்துக்கொண்டே சரி என்றுவிட்டாள். பச்சை மீன் பக்கமே போகக் கூடாது, வெள்ளரிக்காயும் ஆம்லெட்டும்தான் என்று நான் ஒரு சட்டம் போட்டேன்.

முதல் சனிக்கிழமை சோறு ஒட்டவே இல்லை. வழக்கமான அரிசியை வழக்கம்போல வடித்துவிட்டேன். பாயைப் பிரித்ததும் பொலபொலவென்று தரையெல்லாம் சோறு. அடுத்த வாரம் குட்டை அரிசி தேடி வாங்கினேன். தண்ணீர் தெளியும்வரை கழுவி வேகவைத்து, வினிகரில் சர்க்கரையும் உப்பும் கரைத்து ஊற்றி, மாஸ்டர் மரக்கரண்டியால் கிளற, நான் பழைய நாளிதழால் விசிறினேன். எனக்கு விசிறி விசிறித் தோள்பட்டை விட்டுப்போனது. இவரோ டேப்பை எடுத்துக் கடற்பாசித் தாளை அளந்துகொண்டிருந்தார். அளந்தது போதாதென்று துணியில் கோடு போடுகிற சாக்பீஸால் அதன் மேல் ஒரு கோடும் போட்டார்.

"ஐயோ, அது சாப்பிடற பொருள்ங்க!"

"ஓரத்துல ஒரு விரல் அகலம் விடணும்னு அந்த டிவியில சொன்னாங்க. தையலுக்கு விடறோமே, அந்த மாதிரி."

அந்தத் தாளைக் குப்பையில் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தோம். கையை நனைத்துக்கொண்டு சோற்றைப் பரப்பினார். கட்டைவிரல்கள் இரண்டும் பாய்க்குக் கீழே, மற்ற விரல்கள் வெள்ளரியைப் பிடித்தபடி, ஒரே உருட்டு. இழுத்து அழுத்தினார். பாயை விரித்தால் உருளை அப்படியே சிலைபோலப் படுத்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவர் முகத்தில் நாலு மாதம் கழித்து அன்றுதான் மாஸ்டரைப் பார்த்தேன்.

"கத்தியை எடு" என்றார்.

"நான் வெட்டறேன், நீங்க உட்காருங்க."

"சரி, இன்னிக்கு நீ வெட்டு. அடுத்த வாரம் நான்."

எங்கள் வீட்டு நீளக் கத்தி சாதாரணக் கத்தி இல்லை. அடிபடுவதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இவர் தீட்டி வைத்தது. தக்காளிமேல் வைத்தால் போதும், தானாக இறங்கும். உணர்ச்சி இன்னும் முழுசாக வராத விரல்கள் அதன் பக்கத்தில் இருந்தால், அறுபட்டால்கூட இவருக்குத் தெரியாது. ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். வாரம் முழுக்க அந்த வெள்ளைத் துணி என் தூக்கத்தில் வந்தது.

மூன்றாவது சனிக்கிழமை காலையில் இவர் குளிக்கப் போனார். நான் கத்தியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய், சிமெண்டுக் கட்டையில் அதன் கூர் வாயை வைத்து நாலு இழுப்பு இழுத்தேன். கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. பல்லில் துளை போடுகிற சத்தத்தைத் தினம் கேட்கிறவள் நான். இது அதைவிட மோசம். கழுவித் துடைத்து எடுத்த இடத்தில் வைத்தேன்.

"கத்தி எப்படி இருக்கு?" என்று வந்து கேட்டார்.

"நேத்துதான் சாணை பிடிச்சு வாங்கிட்டு வந்தேன்" என்றேன். நாக்கு கொஞ்சம்கூடக் குழறவில்லை. பல் மருத்துவமனையில் பதினோரு வருடம், 'ஒண்ணும் வலிக்காது, பயப்படாதீங்க' என்று ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்கிறவளுக்குப் பொய் ஒரு பெரிய விஷயமா?

கத்தியை இடது கையில் பிடித்து, வலது கட்டைவிரலால் அதன் வாயைக் குறுக்கே தடவினார். முப்பது வருடமாக அப்படித்தான் பார்ப்பார். இப்போது குட்டு உடையப்போகிறது என்று நினைத்தேன்.

"ம். நல்லா பிடிச்சிருக்கான்" என்றார்.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பத்து நாளைக்கு முன்னால்தான், "விரல் நுனியில உணர்ச்சி வந்துக்கிட்டிருக்கு" என்று சொல்லியிருந்தார். நான் சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் அதை நாலு பேரிடம் சொல்லியும் விட்டேன். அன்றைக்குத் தப்பித்தோமே என்ற நிம்மதியில் எதையும் யோசிக்கவில்லை.

கத்தியை ஈரத்துணியில் துடைத்து, உருளைமேல் வைத்து இழுத்தார். தாள் அறுபடவில்லை, கசங்கியது. இன்னொரு இழுப்பு. உருளை நசுங்கி, வெள்ளரி ஒரு பக்கமாகப் பிதுங்கி வெளியே வந்தது. இன்னொரு உருளை. அதுவும் அப்படியே. ஐந்து உருளை நாசமானது.

"தாள் நமுத்துப்போச்சு போல" என்றேன்.

"தாள்ல ஒண்ணுமில்லை. நான் எவ்வளவு அழுத்தறேன்னு எனக்கே தெரியலை" என்றார், தன் கையைப் பார்த்துக்கொண்டே.

சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது, மென்று விழுங்கிவிட்டேன். ஒருவேளை இது நல்லதுதானோ என்று உள்ளுக்குள் ஒரு குரல். இவர் இனி வெட்டுகிற வேலைக்கே போகாமல் இருந்தால் என்ன? கண்ணாடி, கத்தி, கத்தரி எதுவும் வேண்டாம். வீட்டில் முழு உடம்போடு இருந்தால் போதும். எனக்கு அது போதும் என்று நினைத்தேனே தவிர, அவருக்குப் போதுமா என்று நினைக்கவில்லை.

அதன் பிறகு தினமும் நான் வேலையிலிருந்து வருவதற்குள் சோற்றை ஆக்கி ஆறவைத்திருப்பார். நான் செருப்பைக்கூடக் கழற்றியிருக்க மாட்டேன், "வந்து பாரு" என்பார். உருட்டுவது நாளுக்கு நாள் அழகாக வந்தது. வெட்டும்போது நாளுக்கு நாள் ஒரே அலங்கோலம். இரவுச் சாப்பாடு எங்களுக்கு நசுங்கிய சுஷிதான். பேச்சு குறைந்தது. சவரம் செய்துகொள்வதை நிறுத்தினார்.

இப்படி இரண்டு வாரம் போய், மூன்றாவது வாரத் தொடக்கத்தில் முதலாளியம்மா போன் செய்தார். ஒரு பெரிய ஓட்டலின் சீருடை ஆர்டர், திங்கட்கிழமை துணி வெட்டத் தொடங்க வேண்டும். "மாஸ்டர், உங்களை அவசரப்படுத்தறேன்னு நினைக்காதீங்க. புது ஆள் ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார். வர்றீங்களா இல்லையான்னு மட்டும் சொல்லிடுங்க."

"சனிக்கிழமை பதினொரு மணிக்கு வீட்டுக்கு வாங்கம்மா, சொல்றேன்" என்றார் இவர். போனை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"ஒரு உருளை. ஆறு துண்டு. ஆறும் ஒரே அளவா, நசுங்காம வரணும். வந்துச்சுன்னா திங்கட்கிழமை வேலைக்குப் போறேன். வரலைன்னா கத்தரியைக் கொடுத்துடறேன்."

"சுஷியை வச்சா இதை முடிவு பண்ணுவீங்க?"

"சோத்தை வெட்டத் தெரியாதவனை நம்பி யாராவது துணியைக் கொடுப்பாங்களா?"

வியாழக்கிழமை கத்தியைத் துணியில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். மதிய இடைவேளையில் சாணை பிடிக்கிற கடைக்குப் போவதாகத் திட்டம். காலையில் ஒரு கிழவர் அடையாள அட்டையைக் கீழே போட, எடுத்துக்கொடுக்கக் குனிந்தேன். தோளிலிருந்த பையில் துணி விலகிக் கத்தி எட்டிப் பார்த்தது. "பல்லைப் பிடுங்கறதுக்கு இவ்வளவு பெரிசாம்மா?" என்று அவர் பயந்துபோனார். மதியம் கடைக்குப் போனேன். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. தீப்பொறி பறந்தது. கடைக்காரர், "கொடுங்கம்மா" என்று கையை நீட்டினார். அந்த வெள்ளைத் துணி கண்முன் வந்தது. திரும்பி வந்துவிட்டேன். யாரைச் சொல்லியும் குற்றமில்லை. நானாகத்தான் திரும்பினேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே முதலாளியம்மா வந்துவிட்டார். கழுத்தில் டேப்பைப் போட்டபடியே வருகிறவர் அவர். வீட்டுக்கு வந்தால்கூடக் கழற்ற மாட்டார். சமையலறையில் மேசையைத் துடைத்து, மேல் சட்டைக் கையை மடித்துவிட்டு மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் கத்தரி, வெள்ளை உறையோடு.

"உட்காருங்கம்மா. பத்து நிமிஷம்."

முதலாளியம்மா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

சோற்றைப் பரப்பினார். வெள்ளரியும் ஆம்லெட்டும் வைத்தார். உருட்டினார். பாயை விரித்ததும் முதலாளியம்மா, "அடேயப்பா" என்றார். இவர் கத்தியை எடுத்து, கட்டைவிரலால் ஒரு தடவு தடவித் தலையை ஆட்டிக்கொண்டார். ஈரத்துணியில் துடைத்தார். சரி நடுவில் வைத்தார். நடந்தது நடக்கட்டும் என்று சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

இழுத்தார். தாள் கசங்கியது. உருளை ஒரு பக்கம் சப்பிப்போய், மஞ்சளும் பச்சையும் பிதுங்கிக்கொண்டு வந்தன.

இரண்டாவது தடவை முயற்சி செய்யவில்லை. கத்தியை வைத்தார். கையைக் கழுவினார், துடைத்தார். நாற்காலியிலிருந்து கத்தரியை இரண்டு கையாலும் எடுத்து முதலாளியம்மா முன்னால் நீட்டினார்.

"கை போயிடுச்சும்மா. புது ஆளையே வச்சுக்கோங்க. திருகாணியில வாரம் ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்க."

குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். முதலாளியம்மாவின் கை மெதுவாக உயர்ந்து அந்த உறையைத் தொட்டது.

"கத்தி மொக்கை!" என்று கத்திவிட்டேன்.

இருவரும் திரும்பினார்கள்.

"இல்லையே. இப்பதானே பார்த்தேன்" என்றார் இவர்.

"மொக்கைதான். நான்தான் பண்ணேன். பால்கனிக் கட்டையில தேச்சேன். மூணு வாரம் ஆச்சு. நீங்க கையை அறுத்துக்குவீங்களோன்னு பயந்துட்டேன்."

மாஸ்டர் கத்தரியை மேசையில் வைத்தார். கத்தியை எடுத்தார். வலது கட்டைவிரலை அதன் வாயில் அழுத்தி ஒரே இழுப்பாக இழுத்தார். நான் அலறிவிட்டேன். ரத்தம் வரவில்லை. தோலில் வெள்ளையாக ஒரு கோடு மட்டும். அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு கையை மாற்றி, இடது கட்டைவிரலால் மெதுவாகத் தடவினார். முகம் மாறியது.

"உணர்ச்சி வந்துடுச்சுன்னு சொன்னீங்களே?" என்றேன்.

"நீ சாணை பிடிச்சேன்னு சொன்னே."

"சொன்னேன்."

"நானும் சொன்னேன்."

முதலாளியம்மா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லாப் பொருந்தினீங்க ரெண்டு பேரும்" என்று முணுமுணுத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். போகவில்லை.

மாஸ்டர் அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தார். ஐந்து மாதமாகத் தொடாத தீட்டுக்கல்லை எடுத்துத் தண்ணீரில் போட்டார். குமிழி வருவது நின்றதும் மேசையில் துணி விரித்து அதன் மேல் வைத்துத் தீட்ட ஆரம்பித்தார். சர்ர், சர்ர் என்று அந்தச் சத்தம் மட்டும். பத்து நிமிஷம் போயிருக்கும். கத்தியைக் கழுவினார். இடது கட்டைவிரல் நன்றாகத்தான் இருந்தது. அதை வைத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பிடியைத் தன் கையில் வைத்துக்கொண்டு வாயை என் பக்கம் நீட்டினார்.

"நீ பார்த்துச் சொல்லு."

"நானா?"

"என் விரல் சொல்லாது. உன் விரல் சொல்லும். குறுக்கே தடவு, நீளவாக்குல இழுக்காதே."

கட்டைவிரலை வைத்தேன். வழவழவென்று நழுவியது. இன்னும் மொக்கைதான். நான் தேய்த்த நாலு இழுப்பும் அவ்வளவு ஆழம். ஆனால் ஒரே ஒரு வார்த்தை, 'போதும்' என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. வெட்டுவார், நசுங்கும். தீட்டிய கத்தியிலும் நசுங்கினால் அப்புறம் கைமேல்தான் பழி. கத்தரி போய்விடும். இனி எந்த வெள்ளைத் துணியையும் நான் பார்க்க வேண்டாம். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வாரமாக என்னை நம்பி ஏமாந்த மனுஷன், மறுபடியும் என்னையே கேட்கிறார்.

"இல்லை. இன்னும் மொக்கையாத்தான் இருக்கு" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு மறுபடி தீட்டினார். மறுபடி நீட்டினார்.

"பரவாயில்லை. ஆனா முன்னாடி மாதிரி இல்லை."

மறுபடி தீட்டினார். நெற்றியில் வேர்வை. மூன்றாவது முறை விரலை வைத்தேன். தடவக்கூட இல்லை, தொட்டதுதான். மெல்லிதாகச் சுரீர் என்றது. கையை இழுத்துக்கொண்டு பார்த்தேன். நுனியில் கடுகளவு ரத்தம்.

"இப்போ சரி" என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

புதிதாக ஓர் உருளை உருட்டினார். கத்தியைத் துடைத்தார். நடுவில் வைத்து, அழுத்தாமல், தன்னை நோக்கி ஒரே இழுப்பு. தாள் அறுபடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து வைத்தார். துடைத்தார். இன்னொரு இழுப்பு. துடைத்தார். இன்னொன்று. அவருடைய விரல்களுக்கும் கத்திக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளிதான் இருந்தது. நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. முழுக்கப் பார்த்தேன்.

ஆறு துண்டு. வெட்டுமுகம் மேலே தெரிய நிற்க வைத்தார். நடுவில் பச்சையும் மஞ்சளும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. முதலாளியம்மா கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றி ஒவ்வொன்றாக அளந்தார். பிறகு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"உப்பு பத்தலை" என்றார். "திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வந்துடுங்க மாஸ்டர். துணியில விரலை வச்சுப் பார்க்கிற வேலைக்கு நான் ஒரு பொண்ணைப் பக்கத்துல நிறுத்தறேன்." கத்தரியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

கதவு சாத்தியதும் நான் ஏதாவது திட்டு விழும் என்று காத்திருந்தேன். இவர் பாத்திரத்தை ஒழித்துப்போட்டுக்கொண்டே முதுகைத் திருப்பியபடி சொன்னார்: "மூணு வாரமா என் கை செத்துப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். தெரியுமா உனக்கு?"

அதற்கு மேல் பேசவில்லை. அன்றும் பேசவில்லை, ஞாயிற்றுக்கிழமையும் பேசவில்லை. பால் பாக்கெட்டுக்கு இரண்டு நாள் என்றால் இதற்கு எத்தனை என்று நான் கணக்குக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். உறையிலிருந்து கத்தரியை உருவி, விரித்து, என் முன்னால் நீட்டினார்.

"பார்த்துச் சொல்லு."

பார்த்தேன். "நல்லா இருக்கு" என்றேன். இந்தத் தடவை அவர் தடவிப் பார்க்கவில்லை. உறையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

அன்று பல் மருத்துவமனையில் என் கட்டைவிரலில் அந்தச் சின்னக் காயம் விண்ணென்று தெறித்துக்கொண்டே இருந்தது. முதல் ஆளாக வந்த பெண் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குமா?" என்று கேட்டாள்.

வாய் பழக்கத்தில் திறந்தது. மூடிக்கொண்டேன்.

"வலிக்கும்மா" என்றேன். "உட்காருங்க, உள்ளே போகும்போது நானும் கூட வர்றேன்."